கோள் படங்கள் பம்மாத்தா? திருகோணமலையில் இருந்தபடி சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

"நாசா காட்டுகிற செவ்வாயும் சனியும் கணினியில் கீறினவை, எல்லாம் பம்மாத்து" என்று ஒரு வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், ஒருவர் சிரிப்புப் பொம்மை போடுவார், இன்னொருவர் பத்து இணைப்புகளை அள்ளிப் போடுவார். அனுப்பிய மாமா இரண்டையும் கண்டுகொள்ள மாட்டார். இணைப்பும் அதே நாசாவிடமிருந்து வந்ததுதானே என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆகவே இந்த வழிகாட்டி "நாசாவை நம்புங்கள்" என்று எங்கும் சொல்லப்போவதில்லை. பிடிக்க வேண்டியது படத்தின் திகதியையும் நேரத்தையும். திகதி இல்லாத படத்தை உண்மை என்றும் நிறுவ முடியாது, பொய் என்றும் நிறுவ முடியாது. திகதியும் நேரமும் இருந்தால், அந்த நேரத்து மேகம், நிழல், துணைக்கோள்களின் நிலை எல்லாம் சாட்சிக்கு வரும். அந்தச் சாட்சிகளை உப்புவெளிக் கடற்கரையில் நின்றே விசாரிக்கலாம்.

தேவையானவை: கையால் அளவு மாற்றக்கூடிய 'புரோ' முறை உள்ள கைத்தொலைபேசி, ஒரு சின்ன முக்காலி (இல்லாவிட்டால் மணல் நிரப்பிய துணிப்பை), 10×50 பைனாகுலர், கால்பந்து, நூல், 30 செ.மீ. தடி இரண்டு, ரிவி ரிமோட். பைனாகுலரைத் தவிர மற்றவை வீட்டிலேயே இருக்கும்.

முதலாவது: குற்றச்சாட்டை ஒரு வசனத்துக்குள் அடக்குங்கள்

"எல்லாமே பொய்" என்பதைச் சோதிக்க வழியில்லை. "இந்தப் படத்தில் நட்சத்திரம் இல்லை, ஆகவே இது ஸ்டூடியோவில் எடுத்தது" என்பதைச் சோதிக்கலாம். எந்தப் படம், அதில் எது பிழை, அது எதைக் காட்டுகிறதாம் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே எந்தப் படம் என்று சொல்ல முடியாமல் நிற்பார்கள்.

பிறகு படத்தை வகை பிரியுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'விண்வெளிப் படங்கள்' பலவும் உண்மையிலேயே படங்கள் அல்ல. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களின் தரையும் கடலும் தெரியும் படங்கள் ஓவியர் கற்பனை. மூலத்தில் அப்படி எழுதியிருக்கும், பகிர்கிறவர் அந்த வரியை வெட்டிவிடுவார். செவ்வாயின் வானத்தில் பூமியும் வெள்ளியும் வியாழனும் வரிசையாக நிற்கும் பிரபலமான படம் ஒரு வானியல் மென்பொருளின் ஸ்கிரீன்ஷொட். அதன் கீழ் இடது மூலையில் வடகிழக்கைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் அழிக்கப்படாமலே இருக்கின்றன. ஒவ்வொரு ஓகஸ்டிலும் "செவ்வாய் சந்திரன் அளவு தெரியும்" என்று வருவது, செவ்வாய் பூமிக்கு மிகக் கிட்ட வந்த 2003 ஓகஸ்ட் 27 இன் மிச்சம். அன்றுகூடச் செவ்வாயின் தோற்றப் பருமன் சந்திரனில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்குதான்.

இன்னொரு வகை, உண்மைத் தரவுக்குத் தவறான தலைப்பு. 'தீபாவளி இரவில் இந்தியா' என்று ஆண்டுதோறும் வரும் பலநிறப் படம் 2003 இல் செய்யப்பட்டது. பல ஆண்டு இரவு வெளிச்சங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எந்த ஆண்டு புதிதாக வெளிச்சம் வந்ததோ அதற்கொரு நிறம் கொடுத்திருக்கிறார்கள். தீபாவளிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இவற்றைப் பொய் என்று ஒத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். விண்வெளியில் பிரியமுள்ளவர்களே இவற்றைப் பரப்பியதால்தான் உண்மைப் படங்களுக்கும் கெட்ட பெயர்.

இரண்டாவது: மூலக் கோப்பைப் பிடியுங்கள்

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, கமரா விபரங்களையும் நீக்கிவிடும். அந்தப் பிரதியைப் பெருப்பித்து "வியாழனைச் சுற்றிச் சதுரப் பெட்டி தெரியுது, ஒட்டியிருக்கிறாங்கள்" என்று காட்டுவது மிகப் பழைய தந்திரம். ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. இருண்ட பின்னணியில் பிரகாசமான பொருள் இருந்தால் அதன் ஓரச் சதுரங்களில் அழுக்கு மிஞ்சும். பிரகாசத்தைக் கூட்டினால் அது பெட்டியாகத் தெரியும். இரவில் தெருவிளக்கு ஒன்றைப் படமெடுத்து, மூன்று பேர் கைமாறி வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்ததின் பிரகாசத்தை முழுதாக ஏற்றிப் பாருங்கள். தெருவிளக்கையும் யாரோ ஒட்டியிருப்பார்கள். ஒப்பிடுவதற்குப் படம் அனுப்பும்போது 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள், சுருங்காது.

மூலத்தைத் தேட, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ போதும். நாசாவின் கோள் படங்களுக்கு பி.ஐ.ஏ. என்று தொடங்கும் எண் இருக்கும். சந்திரனுக்கு ஆள் போன அப்பல்லோ பயணங்களின் படமென்றால் பிலிம் சுருள் எண்ணும் அந்தச் சுருளில் படத்தின் எண்ணும் இருக்கும். செவ்வாய் ஊர்திகளின் பதப்படுத்தாத படங்கள் 'சொல்' எனப்படும் செவ்வாய் நாள் எண்ணோடு வரும். ஒரு சொல் 24 மணி 39 நிமிடம் 35 செக்கன். அந்த எண்ணைப் போட்டால், அதே நேரம் பக்கத்துக் கமரா எடுத்ததும் கிடைக்கும். 2014 ஏப்ரல் 3 இல் கியூரியோசிட்டி என்ற செவ்வாய் ஊர்தி எடுத்த ஒரு படத்தில் அடிவானத்தில் வெளிச்சம் தெரிகிறதென்று பெரிய ஆரவாரம் நடந்தது. வலது கண் கமராவில் இருந்த அந்த வெளிச்சம் இடது கண் கமரா எடுத்ததில் இல்லை. அடிவானத்தில் விளக்கு எரிந்திருந்தால் இரண்டிலும் விழுந்திருக்கும். ஜோடிப் படத்தைத் தேடாமல் ஒரு பொட்டைப் பற்றி வாதாட வேண்டாம்.

மூன்றாவது: மேகத்தைச் சாட்சிக்கு அழையுங்கள்

பூமியின் முழுப்படமே பொய் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

ஜப்பானின் ஹிமவாரி செய்மதி கிழக்கு நெடுங்கோடு 140.7 பாகைக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் முழு வட்டத்தையும் படமெடுக்கிறது. கோணேசர் மலையில் நின்று நேர் கிழக்கே, சற்றே தெற்கு ஒதுங்கிக் கடலைப் பாருங்கள். கையை நீட்டி இரண்டு முட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 20 பாகை. அதற்குச் சற்று மேலே, 22 பாகையில் இருந்து அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அதன் படத்தில் இலங்கை இடது ஓரத்தில் சரிந்து கிடக்கும்.

செய்முறை: தெளிவான முகில் கூட்டம் உள்ள ஒரு பகலைத் தெரிவு செய்யுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில், பின்னேரம் உள்நாட்டுப் பக்கம் இடிமுகில் எழும் நாள் மிகவும் வாய்ப்பானது. முகிலை நான்கு திசையிலும் படமெடுத்து நேரத்தைக் குறியுங்கள். ஹிமவாரிப் படங்கள் உலக நேரத்தில் இருக்கும். நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழியுங்கள், பின்னேரம் 4:00 என்றால் 10:30. அந்த நேரத்துப் படத்தில் வங்காள விரிகுடாவையும் நம் கரையையும் பெருப்பித்துப் பாருங்கள்.

இதில் மூன்று இடங்களில் இடறுவீர்கள். ஒன்று, ஒரு முழுப்படத்தை வடக்கிலிருந்து தெற்காக வரிவரியாக எடுக்கப் பத்து நிமிடம் ஆகும். நம் பகுதி தொடங்கி நாலு நிமிடமளவில்தான் பதிவாகும். இரண்டு, செய்மதி சாய்வாகப் பார்ப்பதால் உயரமான முகில் இருக்கிற இடத்தில் தெரியாது. 12 கி.மீ. உயர்ந்த இடிமுகிலின் உச்சி ஏறத்தாழ 30 கி.மீ. மேற்கே தள்ளித் தெரியும். நகரத்துக்கு மேல் நின்று கொட்டும் முகிலின் உச்சி படத்தில் பன்குளம் பக்கம் நிற்பது அதனால்தான். தாழ்ந்த பஞ்சுமுகில் அவ்வளவு நகராது. "இடம் பிழைக்குதே" என்று யாரும் கேட்டால், உயரத்தையும் கோணத்தையும் வைத்து இந்த 30 கி.மீ. ஐக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஓவியம் கீறுகிறவர் இந்தச் சரிவையெல்லாம் கணித்துக் கீறிக்கொண்டிருக்க மாட்டார். மூன்றாவது, காலை 8:10 க்கும் இரவு 8:10 க்கும் படமே இருக்காது. உலக நேரம் 02:40, 14:40 ஆகிய வேளைகளைச் செய்மதியின் பராமரிப்புக்காக விட்டிருக்கிறார்கள். 'மறைத்துவிட்டார்கள்' என்ற கூச்சலுக்கு இந்த ஓட்டை ஒன்றே போதும், ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பழைய திகதி ஒன்று வேண்டுமென்றால் 2020 டிசம்பர் 2. அன்றிரவு புரெவிப் புயல் நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. குச்சவெளியிலும் நிலாவெளியிலும் அந்த இரவை நினைவு வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். அன்று பகல் முழுக்கச் சுழி எப்படி நெருங்கியது என்று படங்களை வரிசையாக ஓடவிட்டுக் காட்டலாம். இரவுக்கு அகச்சிவப்புப் படத்தைத் தெரிவு செய்யுங்கள். மற்றது கறுப்பாகத்தான் இருக்கும்.

அடுத்தது இன்னும் வலுவான சோதனை. டிஸ்கவர் என்ற அமெரிக்கச் செய்மதியின் எபிக் கமரா 15 லட்சம் கி.மீ. தொலைவிலிருந்து, சூரியப் பக்கமாக நின்று எடுத்த படங்கள் 2015 முதல் சேமிப்பில் இருக்கின்றன. உலக நேரம் 06:30 ஐ ஒட்டிய ஒன்றை எடுத்தால் இலங்கை நடுப்பகுதிக்கு வரும். அதே நேர ஹிமவாரிப் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு நாடு, இரண்டு கமரா, நாற்பது மடங்கு தொலைவு வித்தியாசம். வங்காள விரிகுடா முகில் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். எபிக்கில் பூமி எப்போதும் பௌர்ணமி போலவே இருப்பது ஏன் என்று கேட்பார்கள். சூரியப் பக்கத்தில் நின்று பார்த்தால் வெயில் படும் பக்கம் மட்டும்தான் தெரியும்.

2015 ஜூலை 16 இல் அதே கமரா, பூமிக்கு முன்னால் சந்திரன் கடப்பதை எடுத்தது. சந்திரனின் ஒரு விளிம்பில் மெல்லிய பச்சைக் கோடு தெரியும். அதை ஒட்டுவேலையின் தடயம் என்று காட்டுவார்கள். இந்தக் கமரா நிறப்படம் எடுப்பதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என வடிகட்டிகளை மாற்றி ஏறத்தாழ 30 செக்கன் இடைவெளியில் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுக்கிறது. அதற்குள் சந்திரன் நகர்ந்துவிட்டது.

இனி மிகப் பிரபலமான பூமிப் படங்கள். 1972 டிசம்பர் 7 இல் அப்பல்லோ 17 எடுத்த 'நீலப் பளிங்கு' ஒரே சொடுக்கில் எடுத்தது. தெற்கு மேலாக இருந்ததைத் திருப்பி வெளியிட்டார்கள். அதன் வலது மேல் பக்கத்தில் ஒரு மேகச் சுழி இருக்கிறது. இரண்டு நாளுக்கு முன் தமிழ்நாட்டைத் தாக்கிய புயல் அது. அந்த வாரத்துப் பத்திரிகைகளை எடுத்துப் பார்க்கலாம். அதே பெயரில் 2002 இல் வந்தது வேறு. அது டெரா செய்மதி மாதக்கணக்கில் எடுத்த துண்டுகளைக் கணினியில் ஒட்டியது, செய்தவர்களே அப்படித்தான் சொன்னார்கள். இரண்டையும் குழப்பினால் வாதத்தில் நீங்கள்தான் தோற்பீர்கள்.

நான்காவது: நட்சத்திரம் எங்கே?

அப்பல்லோ வீரர்கள் சந்திரனில் எடுத்த படங்களின் வானத்தில் நட்சத்திரம் இல்லை என்பார்கள். சந்திரத் தரையில் பட்டப்பகல் வெயில். அதற்கேற்ப ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் நட்சத்திரம் விழாது. முழுநிலா நாளில் கடலுக்கு மேல் சந்திரன் நன்றாக ஏறியபின் புரோ முறையில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/1000 செக்கன் வைத்துச் சந்திரனை எடுங்கள். வெள்ளையாக வெளுத்தால் 1/2000, 1/4000 என்று வேகத்தைக் கூட்டுங்கள். சந்திரனின் கறைகள் தெரியும், வானம் வெறும் கறுப்பு. பிறகு ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் 10 செக்கன். நட்சத்திரங்கள் வரும், சந்திரன் வெடித்த மின்குமிழ் போல இருக்கும். இரண்டு அமைப்புக்கும் இடையில் வெளிச்ச வித்தியாசம் 160,000 மடங்கு. ஒரே படத்தில் இரண்டையும் காட்டுகிற படம்தான் உண்மையில் சந்தேகத்துக்குரியது.

பிழைக்கும் இடங்கள்: தானியங்கி முறையில் சில போன்கள் சந்திரனை அடையாளம் கண்டு இல்லாத விபரத்தைத் தாங்களே சேர்க்கும், ஆகவே புரோ முறை கட்டாயம். (நாசாவைக் குறை சொல்கிற அதே போன் படத்தைத் திருத்துகிறது என்பதை மாமாவுக்கு மெதுவாகச் சொல்லலாம்.) உப்புக்காற்று வில்லையில் படிந்தால் சந்திரனைச் சுற்றி ஒளிவட்டம் வரும். காய்ந்த துணியால் தேய்க்க வேண்டாம், உப்பு கீறும். நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் முதலில் ஒற்றுங்கள். உப்புவெளியில் விடுதி வெளிச்சம் அதிகம், நிலாவெளிக்கு வடக்கே போவது நல்லது. பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படை. இரவில் முக்காலியோடு அங்கே போய் வில்லங்கத்தை விலைக்கு வாங்காதீர்கள்.

ஐந்தாவது: நிழல், அளவு, நிறம்

சந்திரப் படங்களில் நிழல்கள் சமாந்தரமாக இல்லை, ஆகவே ஸ்டூடியோவில் இரண்டு விளக்கு என்பார்கள். காலை 6:45 அளவில் உப்புவெளி மணலில் இரண்டு தடிகளை ஒரு மீற்றர் இடைவெளியில் நடுங்கள். சூரியன் கடல் பக்கம், நிழல் உங்கள் பக்கம். நின்றபடி நேர் கீழே எடுத்தால் நிழல்கள் சமாந்தரம். போனைத் தரைக்குத் தாழ்த்திச் சூரியனை நோக்கி எடுத்தால் அவை விரிந்து வரும். திருகோணமலைப் புகையிரத நிலையத் தண்டவாளம் தூரத்தில் சேர்வதும் இதே பார்வைக் கோணம். ஒரு தடியை அலை அரித்த சரிவில் நட்டால் அதன் நிழல் வளைந்தே போகும்.

"ஒரு பூமிப் படத்தில் அமெரிக்கா பெரிசு, மற்றதில் சின்னன்" என்பதற்குக் கால்பந்து. 22 செ.மீ. விட்டமுள்ள பந்தில், நூலை 5.7 செ.மீ. அளந்து, அதை ஆரையாக வைத்துப் பந்தின் வளைவோடு ஒரு வட்டம் கீறுங்கள். அது உங்கள் கண்டம். முதலில் பந்தின் தோலிலிருந்து 11 செ.மீ. தூரத்தில் 0.5 அகல வில்லையால் எடுங்கள். பிறகு 2.2 மீற்றர் பின்னே போய், பெருப்பித்து எடுங்கள். இரண்டிலும் பந்தின் அகலத்தையும் வட்டத்தின் அகலத்தையும் அடிமட்டத்தால் அளங்கள். கிட்ட நின்றதில் கண்டம் பந்தின் 76 வீதத்தை அடைக்கும், எட்ட நின்றதில் 52 வீதம். கண்டம் வளரவில்லை, பந்தின் ஓரங்கள் கண்ணுக்கு மறைந்தன. அகல வில்லை ஓரத்தை இழுக்கும், ஆகவே பந்து சட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும்.

நிறத்தில் விண்வெளி ஏஜென்சிகளுக்கும் சறுக்கல் உண்டு. 1976 ஜூலையில், செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1 இன் முதல் நிறப்படம் நீல வானத்தோடு வெளியாகி, பின்னர் மங்கிய செம்மஞ்சளாகத் திருத்தப்பட்டது. 2004 இல் ஸ்பிரிட் என்ற செவ்வாய் ஊர்தியின், நிறம் சரிபார்க்கும் அட்டையில் நீலச் சதுரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது இன்னும் சுவையானது. சிவப்புக்குப் பதிலாக அகச்சிவப்பு வடிகட்டி பயன்பட்டது. அந்த நீலச் சாயம் அகச்சிவப்பில் பளீரென்று ஒளிரும். ரிவி ரிமோட்டைப் போனின் முன்பக்கக் கமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் ஊதாவாக மின்னும். பின்பக்கக் கமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால் மின்னாது, பயப்பட வேண்டாம்.

கியூரியோசிட்டி தன்னைத் தானே எடுத்த படத்தில் கை தெரியவில்லை என்பதற்கு: 2012 ஒக்டோபர் 31 இல் 55 படங்கள் எடுத்து ஒட்டினார்கள், ஒவ்வொன்றிலும் கை வேறு இடத்தில். டச்பே கடற்கரையில் பனோரமா எடுக்கும்போது நடந்து போகிறவர் பாதி உடம்போடு வருவதைப் பார்த்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆறாவது: கோளையே பாருங்கள்

10×50 பைனாகுலரை வள்ளத்தின் விளிம்பிலோ வேலிக் கட்டையிலோ ஊன்றி வியாழனைப் பாருங்கள். கையில் பிடித்தால் நடுங்கி ஒன்றும் தெரியாது. கோட்டில் கோர்த்த மாதிரி நான்கு புள்ளிகள்வரை தெரியும், அவை வியாழனின் துணைக்கோள்கள். ஐந்து இரவு, ஒரே மணிக்கு, கொப்பியில் கீறி வையுங்கள். அவற்றில் அயோ 1.77 நாளில் ஒரு சுற்றை முடிக்கும், கலிஸ்டோவுக்கு 16.7 நாள். பிறகுதான் வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியைத் திறந்து ஒப்பிட வேண்டும். முதலிலே செயலியைப் பார்த்தால் அது காட்டியதைத்தான் கீறுவீர்கள். ஒரு புள்ளி குறைந்தால் அது வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும்.

60 மி.மீ. தொலைநோக்கியில் 40 மடங்கு வைத்தால் சனியின் வளையம் தெரியும். 2017 இல் அகல விரிந்திருந்த வளையம் 2025 மார்ச்சில் பூமிக்கு விளிம்பைக் காட்டிக் கோடானது, இப்போது மெல்ல விரிகிறது. பூமிப் பக்கமிருந்து எடுத்த எந்தப் படமும் இதற்கு ஒத்துப்போக வேண்டும். சனியைச் சுற்றிய கசினி போன்ற கலங்கள் எடுத்ததற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அவை எங்கிருந்தும் பார்க்கும். வாடைக்கால மழை மாதங்களில் இதற்கெல்லாம் திகதி குறிக்காதீர்கள். மார்ச் முதல் செப்டெம்பர்வரை வானம் கைகொடுக்கும்.

2009 ஜூலை 19 இல் வியாழனில் ஒரு புதிய கறுப்புத் தழும்பை முதலில் கண்டவர் அவுஸ்திரேலிய அமெச்சூர் வானியலாளர் அந்தனி வெஸ்லி. நாசாவின் தொலைநோக்கி அதற்குப் பிறகுதான் திரும்பியது. இந்தியாவின் சந்திரயான்-3 சந்திரனில் இறங்கி நாலாம் நாள், 2023 ஓகஸ்ட் 27 இல், அமெரிக்கச் சுற்றுக்கலம் அதன் இறங்குகலமான விக்ரமைப் படமெடுத்தது. சந்திரயான்-2 அப்பல்லோ 11 இறங்கிய இடத்தை எடுத்திருக்கிறது. சீனாவின் செவ்வாய் ஊர்தியையும் அமெரிக்கக் கமரா பிடித்திருக்கிறது. போட்டி போடுகிறவர்கள் ஒருவர் பொய்யை மற்றவர் காப்பாற்ற மாட்டார்கள் என்பது கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

ஏழாவது: சொல்லும் முறை

குழுவில் எல்லாருக்கும் முன்னால் திருத்தினால் மாமா மானத்துக்காகவே பிடிவாதம் பிடிப்பார். தனியாக அழையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு குற்றச்சாட்டு மட்டும். அவர் சொன்னதில் சரியானதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்: "ஓம் மாமா, அந்த 2002 படம் ஒட்டினதுதான்." பிறகு சோதனைக்கு முன்பே கேளுங்கள்: "நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு நீங்களே முகிலைப் படமெடுங்கோ. ஹிமவாரியில அதே முகில் இருந்தால் என்ன சொல்லுவீங்கள்?" அவர் பதிலை எழுதி வையுங்கள். "இருந்தாலும் நம்பமாட்டன்" என்றால் சோதனையை அன்றைக்கு விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கலாம். "பாப்பம்" என்றால், படமெடுப்பது அவர் போனாக இருக்கட்டும், ஐந்தரை மணியைக் கழிப்பதும் அவரே.